பீப்பாய்க்கு விட்ட இடம்

“நீங்க யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க?” என்று கேட்டாள் பாட்டுப் பதிவு செய்கிற சவுண்டக்கா.

மைக்கின் முன் நின்ற கீறல், ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். “நானா? யாருக்கும் இல்லையே.”

“வரியை நல்லாத்தான் ஆரம்பிக்கிறீங்க. கடைசி வார்த்தைக்கு வந்ததும் வாயை மூடிக்கிறீங்க. பேப்பர்ல ‘பாரம்’னு இருக்கு. உங்க வாயில பாரத்தைக் காணோம்.”

“சொன்னேன்க்கா.”

“சொல்லல. கேளுங்க.”

போட்டுக் காட்டினாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சுமேல ஒன்பது மணி நேரம்,
ஆறிப்போன டீயிலதான் மிதக்குது என் —

அங்கே ஓட்டை. ஒரு கைத்தட்டல் அளவுக்குச் சுத்தமான ஓட்டை. பிறகு அவன் குரல் ஒன்றுமே நடக்காதது போல அடுத்த வரியில் ஏறிக்கொண்டது.

வெள்ளைக்கோட்டு வந்துநின்னா எழுந்துநிக்கும் காலு,
வேற பேரைக் கூப்பிட்டதும் தொங்கிப்போகும் —

மறுபடியும் ஓட்டை. பதினாறு வரியில் எட்டு. பாட்டு சல்லடை மாதிரி இருந்தது.

கீறலுக்குக் காது சூடேறியது. ஒன்பது வருடமாக அந்தக் கடைசி வார்த்தைகளை அவன் சொன்னதே கிடையாது. எழுதுவான், அடிக்கோடு போடுவான். அடிக்கோடு போட்டதைக் கூடப் பாடுகிற பீப்பாய் சொல்வான். கீறலின் குரல் தகரத்தில் ஆணியை இழுத்த மாதிரி மெல்லிசாக, வேகமாகப் போகும். பேரே அதனால்தான் வந்தது. பீப்பாய் ஆள் பார்க்க விளக்குமாற்றுக் குச்சி. ஆனால் வாயைத் திறந்தால் வயிற்றுக்குள் இன்னொரு ஆள் உட்கார்ந்து பேசுவது போலச் சத்தம் வரும். கீறல் தலைதெறிக்க ஓடுவான். வரி முடிகிற இடத்தில் பீப்பாய் முட்டுக் கொடுப்பான். அந்த ஒரு தாளத் தட்டில்தான் கீறல் மூச்சு வாங்குவான். இந்தத் தடவை அடிக்கோடு போடாமல்தான் எழுதியிருந்தான். வாய்க்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

“இன்னொரு தடவை போலாம்க்கா,” என்றான். கடைசி வார்த்தைகளைப் பிடிவாதமாகச் சொன்னான். நாலாவது வரியிலேயே மூச்சு தீர்ந்தது. ‘தோளு’ என்ற சொல் பூனையின் வாலை மிதித்தது போல வெளியே வந்தது.

சவுண்டக்கா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. “இது ரெண்டாள் மூச்சுக்கு எழுதினது,” என்றாள். “ஒத்த ஆளா எப்படிச் சொல்வீங்க?”

அவளுடைய பதிவு அறை ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே இருந்தது. மற்ற நாட்களில் கீழே பல்லைக் குடைகிற சத்தம் தரை வழியாக ஏறி மைக்கில் விழும். அதனால் ஞாயிறு மட்டும்தான் பதிவு. அடுத்த மாதத்திலிருந்து பல் டாக்டர் ஞாயிற்றுக்கிழமையும் திறக்கப்போகிறாராம். ஆக, ஆறு ஞாயிறு, ஒன்பது பாட்டு. அதில் மூன்று ஞாயிறு போயாயிற்று. உருப்படியாகத் தேறியது ஒரு பாட்டு, அதுவும் பாதி.

இது கீறலின் முதல் தனி ஆல்பம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லியிருந்தான். கட்டடம் சரிதான், மாடிதான் வேறு.

*

கீறலும் பீப்பாயும் வீடு மாற்றிக் கொடுக்கிற கம்பெனியில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அங்கே சாமான் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை ஆள் சுமை என்று எண் போடுவார்கள். நாற்காலிக்கு ஒன்று, பிரிட்ஜுக்கு இரண்டு. பீரோவை மாடியிலிருந்து இறக்கும்போது கீழே பிடிப்பவன் பின்பக்கமாக இறங்க வேண்டும். அவனுக்குப் படி தெரியாது. மேலே இருப்பவன்தான் அவனுக்குக் கண். கீறல் கீழே, பீப்பாய் மேலே. “படி... படி... திருப்பு... நில்லு” என்று பீப்பாய் கத்துவது மூன்று தெருவுக்குக் கேட்கும். நடுவில் கீறல் ஏதாவது நக்கலாகச் சொல்ல, அவன் அதை முடித்துவைக்க, அப்படிக் கத்திக் கத்தியே பாட்டாகிப்போனது. ‘ரெண்டாள் சுமை’ என்று பேர் வைத்து இரண்டு ஆல்பம் போட்டார்கள். லிஃப்ட் இல்லாத வீடுகளைப் பற்றி ஒரு பாட்டு அவர்கள் நினைத்ததைவிடத் தூரம் போனது. அதனால் கிடைத்த கச்சேரிகளில் ஒன்றுக்கு வந்த கீறலின் தங்கை பீப்பாயைக் கட்டிக்கொண்டாள். “பாட்டு சுமார்தான். குரலுக்காகத்தான் கட்டினேன்,” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

போன வருடம் பீப்பாயின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. எடுத்தார்கள். கட்டி சாதுவானது என்றார்கள். ஆனால் எடுத்த இடத்தில் குரலுக்குப் போகிற நரம்பு முரண்டு பிடித்துவிட்டது. ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து அவன் பேசினால் டயரில் காற்று இறங்குகிற சத்தம்தான். மூச்சைக் கட்டிப் பிடிக்க முடியாததால் சுமையும் தூக்க முடியாது. கம்பெனி அவனைச் சாமான் கட்டுகிற பிரிவுக்கு மாற்றியது: கோப்பை, தட்டு, கண்ணாடிச் சாமான்களைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலை.

பாட்டு வெளியிடுகிற ஆள் கீறலை மூன்று தடவை கூப்பிட்டார். தனியாக ஒன்று பண்ணுங்களேன் என்றார். இரண்டு தடவை முடியாது என்றான். மூன்றாவது தடவை சரி என்று வாயிலிருந்து வந்துவிட்டது. போனை வைத்ததும் யாரையோ தள்ளிவிட்டுவிட்டு ஓடிவந்தவன் போல நெஞ்சு அடித்தது. ஆல்பம் வெளிவந்தால், மாப்பிள்ளையின் குரல் இனித் திரும்பாது என்று ஊரறியக் கையெழுத்துப் போட்டதாகிவிடும். அதைப் போடுகிற முதல் ஆள் தானாக இருக்கக் கூடாது என்று நினைத்தான். ஆனாலும் பாட்டு எழுத எழுத வந்துகொண்டேயிருந்தது; அது இன்னும் கேவலமாக இருந்தது.

அண்ணன், தங்கை, மாப்பிள்ளை மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டில் தங்கை அவன் வாயைக் குனிந்து பார்த்தாள்.

“ஏண்ணே, மூணு வாரமா பல்லு பாக்குறாங்க. உள்ள எல்லாம் போட்டது போட்டபடியே இருக்கு?”

“வேர்ல வேலை. வெளிய தெரியாது.”

“மூணு வாரமாவா? என்ன வேர் அது, ஆலமரத்து வேரா?”

பீப்பாய் சிரித்தான். இப்போதெல்லாம் அவன் சிரிப்புக்குச் சத்தம் கிடையாது; தோள் மட்டும் குலுங்கும். பிறகு தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டான்: “எந்த டாக்டர் மச்சான்?”

கீறல் பேரைச் சொன்னான். பொய்க்கு வேறு ஒரு பேர் யோசிக்கிற அளவுக்கு அவனுக்குத் துப்பு இல்லை.

*

புதன்கிழமை மூன்றாவது மாடியில் ஒரு வீடு. பெரிய சாமான் எல்லாம் இறங்கிவிட்டது. சமையலறையில் பீப்பாய் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கோப்பைகளைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் நிரப்பிய பெட்டிகளைக் கீறல் மூடி டேப் ஒட்டினான். ஜன்னல் திரையைக் கழற்றிவிட்டதால் வெயில் நேராக முகத்தில் அடித்தது. கை வேலை செய்யும்போது கீறலின் வாய் சும்மா இருக்காது. அவனுக்கே தெரியாமல் ஆஸ்பத்திரிப் பாட்டு முணுமுணுப்பாக ஓட ஆரம்பித்தது.

“...மிதக்குது என் —”

டொக்.

“...தொங்கிப்போகும் —”

டொக்.

மூன்றாவது தடவைதான் கீறலுக்கு உறைத்தது. பீப்பாய் கையிலிருந்த பென்சிலால் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் அதுவரை கேட்டே இராத பாட்டு. ஆனாலும் ஓட்டை எங்கே வரும் என்று தெரிந்து வைத்திருந்தான். ஒரு தட்டு முந்தவில்லை, பிந்தவில்லை.

கீறல் வாயை மூடிக்கொண்டான். டேப்பை இழுத்த கை அப்படியே நின்றது. பீப்பாய் அவனைப் பார்க்கவில்லை. கடைசிக் கோப்பையைச் சுற்றி வைத்தான். பெட்டியின் மேல் ‘கண்ணாடி, கவனம்’ என்று நிதானமாக எழுதினான்.

“ஒட்டு,” என்றான்.

அவ்வளவுதான். அன்று முழுக்க வேறு பேச்சு இல்லை. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அவன் சாதாரணமாகத்தான் இருந்தான். சாப்பிட்டான், டிவி பார்த்தான், தங்கையின் செருப்புக்கு வார் தைத்தான். கீறல்தான் அவனையே சுற்றிச் சுற்றி வந்தான். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தான். இரண்டு தடவையும் வேறு எதையோ கேட்டான். ஒரு தடவை குடை எங்கே என்று. அன்று மழையே இல்லை.

*

நாலாவது ஞாயிறு. வருகிற வழியிலேயே முடிவு செய்துவிட்டான். சவுண்டக்காவிடம், “ஓட்டையெல்லாம் அப்படியே இருக்கட்டும்க்கா. மூடவே வேணாம்,” என்றான்.

“அப்படியேவா?”

“அது அவன் இடம். காலியா விடுவோம். ஒன்பது பாட்டுலயும்.”

 சவுண்டக்கா முதல் பாட்டை அப்படியே ஓட்டிப் பார்த்தாள். “கேக்குறவங்க அழுதுடுவாங்க,” என்றாள். அவள் கண்ணிலேயே லேசாக ஈரம் தெரிந்தது. கீறலுக்கு நிம்மதியாக இருந்தது. இனி மாப்பிள்ளையிடம் சொல்லலாம். பார், உன்னை விட்டுவிட்டுப் போகவில்லை, ஒவ்வொரு வரியிலும் உனக்கு இடம் போட்டு வைத்திருக்கிறேன் என்று தைரியமாகச் சொல்லலாம். எப்படிச் சொல்வது என்று அவன் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

பீப்பாய் நின்றிருந்தான். கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம்.

“கீழ ஷட்டர் போட்டிருக்கு,” என்றான். “ஞாயிறு விடுமுறைன்னு போர்டு வேற. உனக்கு மட்டும் மாடியில வெச்சுப் புடுங்குறாங்களா மச்சான்?”

 சவுண்டக்கா நாற்காலியை நகர்த்திப்போட்டாள். பீப்பாய் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, அவளிடம் முதலில் நீட்டினான். “பாட்டைப் போடுங்கக்கா.”

போட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கீறல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் ஓட்டையில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதில் புருவம் சுருங்கியது. ஆறாவதில் பீப்பாய் கையைத் தூக்கினான். சவுண்டக்கா நிறுத்தினாள்.

“இந்த இடமெல்லாம் என்ன?”

“உன் இடம் மாப்ள,” என்றான் கீறல். “வேற யாரும் அதுல வர மாட்டாங்க. நானும் வர மாட்டேன்.”

“ஆல்பம் முழுக்கவா?”

“முழுக்க.”

பீப்பாய் வாயிலிருந்த பிஸ்கட்டை மென்று விழுங்கினான். தண்ணீர் குடித்தான். அவனுக்குக் கோபம் வந்தால் முன்பு ஜன்னல் அதிரும். இப்போது குரல் இன்னும் இறங்கியது. மற்ற இருவரும் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

“டேய், நான் உயிரோட உக்காந்து பிஸ்கட் தின்னுட்டு இருக்கேன். எனக்கு மௌன அஞ்சலி பண்றியா நீ?”

“மாப்ள, நான் அப்படி —”

“குரல்தான்டா போச்சு. நான் எங்க போனேன்? காலையில உன் துண்டை எடுத்துத் துவட்டினதுக்குத் திட்டினியே, அது யாரு?”

சவுண்டக்கா திரும்பிச் சுவரைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று முதுகே சொன்னது.

“நீ தனியா பாடுறது எனக்குத் தப்பாவே படல,” என்றான் பீப்பாய். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று காற்று வாங்கினான். “மறைச்சது தப்பு. அதையாவது விட்டுடுவேன். இது இருக்கே, இந்த ஓட்டை... என்னைப் பொணமாக்கிட்டு நீ நல்ல பேர் வாங்குறது. ஏன் சொல்லல?”

கீறல் தரையைப் பார்த்தான். “சொன்னா, உனக்குக் குரல் வராதுன்னு நானே முடிவு கட்டுன மாதிரி ஆயிடும்.”

“அதை டாக்டர் ரெண்டு மாசம் முன்னாடியே கட்டிட்டார்.”

“என்னது?”

“வராதுன்னுட்டார். இவ்வளவுதான்னுட்டார்.”

“இன்னும் பாக்கலாம்னு டாக்டர் சொன்னதாத்தானே நீ சொன்னே!”

“சொன்னேன். உண்மையைச் சொன்னா நீ எழுதுறதை நிறுத்திடுவியோன்னு பயந்தேன். உன் தங்கச்சிதான் சொல்லாதன்னா.” பீப்பாய் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “நீ பல்லு புடுங்கப் போகலைங்கிறதும் தெரியும் அவளுக்கு. முதல் வாரமே. வாயைக் குனிஞ்சு பார்த்தாளே, அப்பறம் ஒன்னு கேட்டாளா? எல்லாரும் சேர்ந்து நல்லாத்தான் குடும்பம் நடத்துறோம்.”

கீறல் உட்கார்ந்துவிட்டான். தான் நாலு வாரமாக ஒருத்தனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு திரிந்தபோது, அவன் எட்டு வாரமாகத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். அழுகை வந்தது. அதைக் காட்டப் பிடிக்காமல் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். தொண்டையில் அடைத்து இருமினான். பீப்பாய் அவன் முதுகில் ஓங்கி இரண்டு போட்டான். ஒன்றே போதுமாக இருந்தது.

சவுண்டக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். “ஒன்னு சொல்லட்டுமா? இவர் இப்ப பேசுறாரே, இந்தக் குரலையே பதிவு பண்ணி அந்த இடத்துல வெச்சா...”

“வேணாம்க்கா,” என்றான் பீப்பாய். “என் பிஞ்ச தொண்டையைக் காட்டி ஊரை அழ வைக்கிறதுக்கா? வீட்டுல இந்தக் குரல்ல உப்பு கேட்டா கொடுக்கிறாங்க. அது போதும். பேனா இருக்கா?”

பாட்டுத் தாள்களை வாங்கி மடியில் பரப்பிக்கொண்டான். ஆஸ்பத்திரிப் பாட்டின் இரண்டாவது வரியில் பேனாவை வைத்து, ‘பாரம்’ மேல் ஒரு கோடு இழுத்தான்.

“இது என்னோடது. இதை நான் எடுத்துட்டுப் போறேன்.”

“வரி முடிவுல இயைபே போயிடுமே மாப்ள. ‘நேரம்’ தனியா நிக்கும்.”

“அதையும் வெட்டு. உனக்கு எவ்வளவு மூச்சு இருக்கோ அவ்வளவு வரி. அதுக்கு மேல எழுதாத. இவ்வளவு நாளும் நான் இருக்கேங்கிற தைரியத்துல நீ நீளமா எழுதிட்டே.”

கீறலுக்குச் சுருக்கென்றது. உண்மை என்பதால் சுருக்கென்றது. மாப்பிள்ளையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தாளை வாங்கினான். ஒரு வரியைச் சொல்லிப் பார்ப்பான். மூச்சு நிற்கிற இடத்தில் பீப்பாய் விரலை வைப்பான். அதற்கு மேல் இருப்பது போகும். சில இடத்தில் சண்டை வந்தது. “இது நல்ல வார்த்தைடா,” என்பான் கீறல். “நல்ல வார்த்தைதான். உன் வாய்க்குப் பெருசு,” என்பான் அவன். ஏழாவது பாட்டில், பழைய பாட்டுகளிலும் வருகிற ஒரு சொல்லை மட்டும் பீப்பாய் வெட்டாமல் விட்டான்.

“இதை நீயே வெச்சுக்க. எனக்கு எப்பவும் பிடிக்காது, உனக்காகச் சொல்லிட்டு இருந்தேன்.”

“ஒன்பது வருஷமா சொல்லல?”

“நீ கேட்டியா?”

வெயில் மேற்கு ஜன்னலுக்கு வந்தபோது ஆஸ்பத்திரிப் பாட்டு பாதி நீளத்துக்குச் சுருங்கியிருந்தது. கீறல் கண்ணாடிக்கு உள்ளே போய் மைக்கின் முன் நின்றான்.

ஆஸ்பத்திரி பெஞ்சு. ஒன்பது மணி.
ஆறிப்போன டீ.
வெள்ளைக்கோட்டு வந்துநின்னா எழுந்துநிக்கும் காலு.
வேற பேரு. உக்காரு.

முதல் தடவை வேகத்தில் தடுக்கினான். இரண்டாவது தடவை பயந்து பயந்து சொன்னான். மூன்றாவது தடவை வரி முடிகிற இடத்தில் நின்று, வாயைத் திறந்து, நன்றாகக் காற்றை உள்ளே இழுத்து, அடுத்த வரிக்குப் போனான்.  கடைசி வரி முடிந்தபோது நெஞ்சில் இன்னும் காற்று மிச்சம் இருந்தது. அப்படி ஒரு மிச்சத்தை அவன் மேடையில் ஒரு நாளும் உணர்ந்ததில்லை.

சவுண்டக்கா ஓட்டிக் காட்டினாள். வரிக்கு வரி நடுவில் அவன் மூச்சு வாங்குவது பளிச்சென்று கேட்டது. கொஞ்சம் இரைச்சலாக, மாடி ஏறி வந்தவன் போல. இத்தனை வருடப் பாட்டில் அந்தச் சத்தத்தை யாரும் கேட்டதில்லை. அதன் மேல் எப்போதும் பீப்பாயின் குரல் இருந்தது.

“மூச்சு நல்லாவே விழுந்திருக்கு,” என்றாள் சவுண்டக்கா. “சுத்தம் பண்ணி எடுத்துடவா?”

கீறல் கண்ணாடி வழியாக மாப்பிள்ளையைப் பார்த்தான். பீப்பாய் சட்டையில் கொட்டிய பிஸ்கட் தூளைத் தட்டிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கினான். அவன் வாய் அசைந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை. சவுண்டக்கா தன் மைக்கை அவன் பக்கம் நீட்டிப் பொத்தானை அழுத்தினாள்.

“என்னை ஏன்டா பாக்குற? ஆல்பம் உன்னோடது.”

 கீறல் ஹெட்போனில் அந்த மூச்சை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டான். அழகாகவெல்லாம் இல்லை. தன்னுடையதுதான் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது.

“இருக்கட்டும்க்கா,” என்றான். “அடுத்த பாட்டுக்குப் போலாம்.”

பீப்பாய் நாற்காலியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.